எலியின் ரத்தத்தில் நான் அளந்தது என் காலடிச் சத்தம்

முதல் வரைபடத்தை என் ஆய்வு கைடிடம் கொண்டுபோய்க் காட்டிய நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 24 ஆண் எலிகள். பாதியை மூன்று வாரம் தினமும் 2 மணி நேரம் காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைத்து வைத்திருந்தேன், மீதிப் பாதி கூண்டில் சும்மா இருந்தது. அடைபட்ட எலிகளின் ரத்தத்தில் அழுத்த (ஸ்ட்ரெஸ்) ஹார்மோன் அதிகமாக இருக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. வந்தது தலைகீழ். சும்மா இருந்த எலிகளுக்குத்தான் எகிறியிருந்தது. அதற்குள் நான் மனதுக்குள் ஒரு கட்டுரையே எழுதி முடித்திருந்தேன்: ஒரே அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடல் பழகிவிடும், ஹார்மோன் எதிர்வினை மங்கிவிடும், இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான், அது என் எலிகளிலும் நடந்திருக்கிறது, வேலை முடிந்தது. கைடு வரைபடத்தை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "எந்தக் கூண்டை முதல்ல திறந்தே?" என்று மட்டும் கேட்டார்.

அடைபட்ட குழுவைத்தான் முதலில் எடுத்திருந்தேன். கூண்டுகளுக்கு எண் ஒட்டும்போதே 1 முதல் 12 வரை அந்தக் குழு, 13 முதல் 24 வரை மற்றது என்று அழகாகப் பிரித்துவிட்டேன், ரத்தம் எடுக்கும்போது அதே வரிசையில் போனேன். எல்லாக் கூண்டுகளும் ஒரே அறையில், ஒரே அலமாரியில். முதல் எலியைத் தூக்கியபோது அறை அமைதியாக இருந்தது. 24-ஆவது எலியின் முறை வந்தபோது அது ஒன்றரை மணி நேரமாகக் கூண்டு திறக்கும் சத்தம், பக்கத்து எலிகளின் கீச்சொலி, ரத்த வாடை, என் நடமாட்டம் எல்லாவற்றையும் அனுபவித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. அதன் ரத்தத்தில் இருந்த ஹார்மோன் என்னைப் பற்றியது.

இதன் பின்னால் இருக்கும் கணக்கு எளிது, ஆனால் அதை உடம்பில் ஏற்றிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. எலி பயந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தட்டும், பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும், அது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போய் கார்ட்டிகோஸ்டிரோனைத் தயாரிக்கச் சொல்லும். ஸ்டீராய்டு ஹார்மோன்களை எந்தச் சுரப்பியும் பையில் கட்டிச் சேமித்து வைப்பதில்லை, தேவைப்படும்போது அப்போதைக்கப்போது சமைத்துத்தான் அனுப்பும். அந்தத் தயாரிப்புத் தாமதம்தான் நமக்குக் கிடைக்கும் சலுகை. கூண்டைத் தொட்ட கணத்திலிருந்து சுமார் 3 நிமிடத்துக்குள் ரத்தம் குழாயில் விழுந்துவிட்டால், அது நீங்கள் வருவதற்கு முன்பிருந்த நிலையைக் காட்டும். தாண்டிவிட்டால் அளவு ஏறத் தொடங்கும், 15 முதல் 30 நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும், இறங்கி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் அமைதியாக இருக்கும் ஆண் எலியிடம் ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டிய அளவு, பயந்த எலியிடம் சில நூறுகளுக்குப் போய்விடும். மருந்தோ சிகிச்சையோ உண்டாக்கும் எந்த வித்தியாசத்தையும் விழுங்கிவிடக்கூடிய ஏற்றம் இது.

ஏசிடிஎச் அளக்கப் போகிறவர்களுக்கு இந்த 3 நிமிடச் சலுகைகூடக் கிடையாது. அது பிட்யூட்டரியில் தயாராகச் சேமிப்பில் இருக்கும் ஹார்மோன், இன்னும் சீக்கிரமாகவே வெளியே வந்துவிடும்.

அதற்குப் பிறகு நான் செய்த மாற்றங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. குலுக்கல் முறையில் வரிசை, எந்த எலி எந்தக் குழு என்பது ரத்தம் எடுப்பவருக்குத் தெரியாது. ரத்தம் எடுப்பது வேறு அறையில், முந்தைய நாள் சாயங்காலமே கூண்டுகளை அங்கே பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும், ஏனென்றால் கூண்டை நகர்த்துவதும் அழுத்தம்தான். இரண்டு பேர் வேலை: ஒருவர் கடிகாரமும் குழாயும், ஒருவர் எலி. ஒவ்வொரு குழாயின் மேலும் கூண்டைத் தொட்டதிலிருந்து ரத்தம் கிடைத்தது வரை எத்தனை நொடி என்று எழுதிவிடுவது. இந்தக் கடைசிப் பழக்கம்தான் என்னை அதிகம் காப்பாற்றியிருக்கிறது. பின்னால் ஒரு புள்ளி மட்டும் தனியாக மேலே நிற்கும்போது, அந்தக் குழாயில் 4 நிமிடம் 10 நொடி என்று எழுதியிருந்தால் விவாதமே இல்லை. 180 நொடிக்கு மேல் போனால் விலக்குவோம் என்று சோதனை தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும், பார்த்த பிறகு முடிவெடுத்தால் அது நமக்கு நாமே செய்துகொள்ளும் ஏமாற்று.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலிக்கும் சுண்டெலிக்கும் முக்கியமான அழுத்த ஹார்மோன் கார்ட்டிகோஸ்டிரோன், கார்ட்டிசால் இல்லை. கார்ட்டிசால் செய்யத் தேவையான 17-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி அவற்றின் அட்ரினலில் வேலை செய்வதில்லை. மனிதனுக்கும் கினிப்பன்றிக்கும் கார்ட்டிசால். ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் மனித ரத்தத்துக்கான கார்ட்டிசால் அளக்கும் கிட்டை வாங்கி எலி பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை) ஊற்றி ஏதோ ஒரு எண்ணைப் பெற்று அதை வைத்து ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் எழுதிவிடுவதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். கிட்டிடம் எதைக் கொடுத்தாலும் அது ஒரு எண்ணைத் திருப்பித் தரும், அதற்கு வெட்கமெல்லாம் கிடையாது.

அப்புறம் கடிகாரம். எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. அதன் கார்ட்டிகோஸ்டிரோன் விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தை ஒட்டி மிகக் குறைவாகவும், விளக்கு அணையும் நேரத்தை ஒட்டி மிக அதிகமாகவும் இருக்கும். நமக்கு விடியற்காலை எழும் ஹார்மோன் அலை அதற்குச் சாயங்காலம். காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடித்த சோதனையில் கடைசி எலிகள் இயற்கையாகவே மேலே போய்க்கொண்டிருக்கும், அதில் உங்கள் சிகிச்சைக்கு எந்தப் பங்கும் இல்லை. போதாதென்று, இந்த ஹார்மோன் நாள் முழுக்க ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவை துடிப்புத் துடிப்பாக வெளியாகிறது. ஒரே ஒரு துளி ரத்தம் எடுத்தால் துடிப்பின் மேட்டில் எடுத்தீர்களா பள்ளத்தில் எடுத்தீர்களா என்பது சீட்டுக்கட்டுதான். அதனால் நான் இப்போது இரண்டு மணி நேர ஜன்னலுக்குள், விளக்கு எரிந்து ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறேன். முடியாவிட்டால் எலிகளை இரண்டு மூன்று நாட்களுக்குப் பிரித்து, ஒவ்வொரு நாளும் இரண்டு குழுவிலிருந்தும் சம எண்ணிக்கை. நீண்டகால நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் புழுக்கையில் இருக்கும் ஹார்மோன் சிதைவுப் பொருட்களை அளப்பது நல்ல வழி. சில மணி நேரத்துக் கூட்டுத்தொகை அதில் இருக்கும், எலியைத் தொடவே வேண்டாம். புழுக்கை பொறுக்கும் வேலையில் கௌரவம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

விளக்கு 12 மணி நேரம் எரிகிறது என்று ஆய்வேட்டில் எழுதுகிறோமே, யாராவது ராத்திரி போய்ப் பார்த்திருக்கிறோமா? நான் பார்க்கவில்லை. விலங்குக் கூடத்தைக் கவனித்துக்கொண்டவர் ஒருநாள் தானாகவே சொன்னார்: "கதவுக் கண்ணாடி வழியா தாழ்வார லைட்டு உள்ள அடிக்குதும்மா, மேல் தட்டுல இருக்கிற கூண்டுங்களுக்கு ராத்திரியே கிடையாது." எட்டு மாதமாக அந்த மேல் தட்டில் என் எலிகள். மங்கலான வெளிச்சம்கூட எலிக்கு இருட்டில் சுரக்கும் மெலட்டோனின் ஹார்மோனைக் குலைத்துவிடும். கறுப்புத் தாள் ஒட்டி அடைத்தோம். (மெலட்டோனின் வேலை செய்யப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: உலகம் முழுக்க அதிகம் பயன்படும் சி57பிஎல்/6 சுண்டெலி வகையின் பீனியல் சுரப்பி மெலட்டோனினை உருப்படியான அளவில் தயாரிப்பதே இல்லை. இல்லாத ஹார்மோனை அடக்கும் மருந்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.)

அவர்தான், அதே மனிதர்தான், இன்னொரு நாள் எனக்குக் கொஞ்சம் வலிக்கிற மாதிரியே சொன்னார்: "நான் போனா அதுங்க பாட்டுக்கு இருக்கு. நீங்க வந்தா மூலைக்குப் போயிடுது." காரணம் எளிது. அவர் தினமும் வந்தார், கூண்டைத் தட்டாமல் எடுத்தார், எலியை இரண்டு கையாலும் ஏந்தினார். நான் ஊசியோடு மட்டும் வந்தேன், வாலைப் பிடித்துத் தூக்கினேன். 2010-இல் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் இருவரும் சுண்டெலிகளில் இதைச் சோதித்து வெளியிட்டார்கள்: வாலைப் பிடித்துத் தூக்குவதற்குப் பதிலாக உள்ளங்கையில் ஏந்தினாலோ ஒரு குழாய்க்குள் வரவைத்துத் தூக்கினாலோ பதற்றம் தெளிவாகக் குறைகிறது. 2014-இல் ராபர்ட் சோர்ஜ், ஜெஃப்ரி மோகில் குழுவினர் காட்டியது இன்னும் சங்கடமானது. ஆண் ஆய்வாளர் அறையில் இருந்தாலே எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் அழுத்தம் ஏறுகிறது, பெண் ஆய்வாளர் இருந்தால் அப்படி ஏறுவதில்லை. ஆள்கூட வேண்டாம், அந்த ஆண் இரவில் போட்டிருந்த டி-ஷர்ட்டை வைத்தாலே போதும். இதைப் படித்தபோது என் நோட்டுப் புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். சனிக்கிழமை எடுத்த மாதிரிகளெல்லாம் கொஞ்சம் மேலே இருந்தன. சனிக்கிழமைகளில் எனக்குப் பதிலாக வந்தவர் லேபில் இருந்த ஒரு நண்பர், ஆண். காரணம் அதுவேதான் என்று அடித்துச் சொல்ல என்னிடம் போதுமான மாதிரி இல்லை, ஆனால் அன்றிலிருந்து யார் எடுத்தார்கள் என்பதும் அட்டவணையில் ஒரு பத்தி.

எலிகளைப் பழக்கினேன். சோதனைக்கு முன் 10 நாள், தினமும் ஒரு எலிக்கு இரண்டு நிமிடம், ரத்தம் எடுக்கும்போது பிடிக்கும் அதே பிடியில், ஊசி இல்லாமல். கூண்டு மாற்றும் நாளும் அதற்கு அடுத்த நாளும் ரத்தம் எடுப்பதில்லை, புதிய பெடிங்கில் (கூண்டில் விரிக்கும் படுக்கைத் தூள்) தன் வாடை போய்விட்ட எலி ஒரு நாள் நிலைகொள்ளாமல் அலையும். ஒரு தடவை எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. 25 கிராம் சுண்டெலியின் உடம்பில் மொத்தமே 2 மில்லிலிட்டருக்குக் குறைவான ரத்தம், அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுப்பது சரியில்லை. அதற்கு மேல் எடுத்தால் எலிக்கும் கெடுதல், அடுத்த மாதிரியின் எண்ணுக்கும் கெடுதல்.

சரி, பெண் எலிகளுக்கு வருவோம். இங்கேதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன், அதிகம் அசடும் வழிந்தேன்.

"பெண் எலி வேண்டாம், சுழற்சி இருக்கு, தலைவலி" என்று எல்லா லேபிலும் யாராவது ஒருவர் சொல்வார். எலியின் இனப்பெருக்கச் சுழற்சி 4 அல்லது 5 நாள். 1922-இல் ஜோசப் லாங், ஹெர்பர்ட் எவான்ஸ் இருவரும் எலியின் சுழற்சியைப் பற்றி விரிவாக எழுதிய அடிப்படை இன்னும் அப்படியே நிற்கிறது. அதற்கு முன்பே 1917-இல் ஸ்டாக்கார்டும் பாப்பனிகொலாவும் கினிப்பன்றியின் யோனித் திரவத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சூலகம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லலாம் என்று காட்டியிருந்தார்கள். பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காகச் செய்யும் பாப் ஸ்மியர் இருக்கிறதே, அது அதே பாப்பனிகொலாவின் பெயர்தான்.

வேலை பார்க்கச் சுலபமாகத்தான் தெரியும். பைப்பெட்டில் கொஞ்சம் உப்புநீர், உள்ளே விட்டு உடனே உறிஞ்சி, ஸ்லைடில் ஒரு சொட்டு. அதில் தெரியும் செல்களை வைத்துச் சுழற்சியின் நான்கு கட்டங்களைப் பிரிப்போம். புரோஈஸ்ட்ரஸ் என்றால் உருண்டையான, நியூக்ளியஸ் தெரியும் செல்கள் கொத்துக் கொத்தாக. ஈஸ்ட்ரஸ் என்றால் நியூக்ளியஸ் இல்லாத, ஓரம் மடங்கிய, உதிர்ந்த சருகு மாதிரியான செல்கள். டைஈஸ்ட்ரஸ் என்றால் மணலைத் தூவியது போலச் சின்னச் சின்ன வெள்ளை அணுக்கள். நடுவில் மெட்டஈஸ்ட்ரஸ், எல்லாம் கலந்து. படத்தில் பார்க்கும்போது இவ்வளவு தெளிவாக இருக்கும். நிஜ ஸ்லைடில் பாதி நாள் எதுவென்று சொல்ல முடியாது. அதனால் ஒற்றை ஸ்லைடை நம்பி முடிவெடுக்கக் கூடாது, குறைந்தது இரண்டு முழுச் சுழற்சி, அதாவது 8 முதல் 10 நாள், தினமும் ஒரே நேரத்தில் எடுத்து வரிசையாகப் பார்த்தால்தான் ஓட்டம் புரியும். முந்தைய நாள் டைஈஸ்ட்ரஸ், அடுத்த நாள் சருகு என்றால் நடுவில் நழுவிப் போனது புரோஈஸ்ட்ரஸ், அது அரை நாளுக்குச் சற்று அதிகமாக மட்டுமே நீடிக்கும். கருமுட்டையை வெளியேறச் செய்யும் எல்எச் ஹார்மோன் எழும்புவது அந்தப் புரோஈஸ்ட்ரஸ் நாளின் பிற்பகலில்தான். காலையில் ஸ்மியர் பார்த்து "இன்று புரோஈஸ்ட்ரஸ்" என்று எழுதிவிட்டுக் காலையிலேயே ரத்தமும் எடுத்தால் அலை வருவதற்கு முன்பே கரையிலிருந்து திரும்பிவிட்டீர்கள்.

நான் ஒரு மருந்தின் விளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து எலிகளில் ஸ்மியர் முழுக்க வெறும் வெள்ளை அணுக்கள். நான்கு நாள், ஆறு நாள், பத்து நாள். மருந்து சுழற்சியை நிறுத்திவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு மருந்து கொடுக்காத கட்டுப்பாட்டுக் குழுவின் ஸ்லைடுகளைப் பார்த்தேன், அங்கேயும் பாதிக்கு மேல் அதே கதை. சுமார் இரண்டு வாரம் கழித்து எல்லா எலிகளும் மறுபடி சுழற்சிக்கு வந்தன, மருந்து நடந்துகொண்டிருக்கும்போதே. அந்த இரண்டு வாரம் என்ற எண்தான் காட்டிக்கொடுத்தது. எலியின் பொய்க் கர்ப்பம் 12 முதல் 14 நாள். இணை சேரும்போது கருப்பை வாய் தூண்டப்பட்டால் மூளை புரோலாக்டினை அலையலையாக விடும், கருமுட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் அழியாமல் நிற்கும், புரோஜெஸ்டிரோன் தொடர்ந்து சுரக்கும், சுழற்சி நின்றுவிடும். நான் புதிதாக மாற்றிய பைப்பெட் முனை பழையதைவிட நீளம். அதைத் தேவையில்லாத ஆழம் வரை விட்டிருக்கிறேன். எலியின் உடம்பு அதை இணை சேர்ந்ததாக எடுத்துக்கொண்டது. முனை உள்ளே சில மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, குச்சியில் பஞ்சு சுற்றித் துடைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தச் சோதனையின் தரவு முழுவதையும் ஒதுக்கினேன். எலிகளைத் திரும்பப் பெற முடியாது. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் இருவரும் விலங்குகளைக் குறைத்துப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதியதையெல்லாம் நெறிமுறைக் குழு விண்ணப்பத்தில் அழகாக எடுத்துப் போட்டவள்தான் நான். ஒரு நீளமான முனையால் 20 எலிகள் எதற்கும் பயனில்லாமல் போயின. இரண்டு நாள் லேப் பக்கமே போகவில்லை.

பெண்களை மட்டுமே கூட்டமாகக் கூண்டில் வைத்தாலும் சுழற்சி குழம்பும். சுண்டெலிகளில் இது நன்றாகவே தெரிந்த விஷயம், கூட்டமாக அடைத்த பெண்களின் சுழற்சி நீளும் அல்லது நிற்கும், பிறகு ஆண் சுண்டெலியின் சிறுநீர் வாடை பட்டால் சுமார் மூன்றாம் நாள் பல பெண்கள் ஒன்றாக ஈஸ்ட்ரஸுக்கு வரும். இதை விட்டன் விளைவு என்பார்கள். ஆண் கூண்டிலிருந்து அழுக்குப் பெடிங்கை ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டாலே வேலை நடக்கும். தெரிந்து செய்தால் தந்திரம், தெரியாமல் நடந்தால் தலைவேதனை. கூண்டு சுத்தம் செய்பவர் ஆண் கூண்டுத் தட்டையும் பெண் கூண்டுத் தட்டையும் ஒரே வண்டியில் அடுக்கிக்கொண்டு போகிறாரா என்று ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: பெண் எலிகளின் தரவு ஆணைவிட அதிகம் சிதறும் என்ற நம்பிக்கை சரியில்லை. 2014-இல் பிரெண்டர்காஸ்ட் குழுவினர் சுண்டெலிகளைப் பற்றிய நூற்றுக்கணக்கான கட்டுரைகளின் எண்களைத் தொகுத்துப் பார்த்தார்கள், சுழற்சியே பார்க்காமல் எடுத்த பெண்களின் சிதறலும் ஆண்களின் சிதறலைவிட அதிகமாக இல்லை. கூட்டமாக வாழும் ஆண்களில் அதிகாரம் செலுத்தும் சுண்டெலிக்கும் அடங்கிப் போகும் சுண்டெலிக்கும் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு மாறும் என்பதை யாரும் தலைவலி என்று சொல்வதில்லை, அதை வெறும் சிதறல் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் கார்ட்டிகோஸ்டிரோன் பெண் எலிகளில் பொதுவாகவே அதிகம், புரோஈஸ்ட்ரஸில் இன்னும் அதிகம். ஆண் பெண் இரண்டையும் கலந்து ஒரே சராசரி போடுவதும் தப்பு.

ஈஸ்ட்ரோஜன் பக்கம் போகிறவர்கள் எலியைப் பார்ப்பதற்கு முன் அது சாப்பிடுவதையும் படுப்பதையும் பாருங்கள். வழக்கமான எலி உணவு உருண்டைகளில் சோயா இருக்கும், சோயாவில் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்று ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் பொருட்கள் இருக்கும், அளவு ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் மாறும். மக்காச்சோளத் தக்கையில் செய்யும் பெடிங்கில் இருக்கும் சில சேர்மங்கள் சுழற்சியைக் கலைத்ததாக வந்த ஆய்வுகளும் உண்டு. கூண்டுகூடச் சும்மா இருப்பதில்லை. 1998-இல் பட்ரீஷியா ஹண்டின் ஆய்வகத்தில் சுண்டெலிகளின் கருமுட்டையில் குரோமோசோம் குழப்பம் திடீரென எகிறியது. காரணத்தைத் துருவிப் போனால், பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் தவறான, காரமான கழுவுநீரில் கழுவியிருக்கிறார்கள், பிளாஸ்டிக் அரித்து, ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் பிஸ்ஃபினால் ஏ கசிந்திருக்கிறது. அதை ஒரு சோதனையாகவே திரும்பச் செய்து 2003-இல் வெளியிட்டார்கள். அந்தப் பொருளைப் பற்றி அதன்பின் நடந்த பெரிய விவாதத்துக்கு முக்கியமான ஒரு தொடக்கம் கட்டுப்பாட்டுக் குழு கெட்டுப்போனதைக் கவனித்த ஒருவர். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அந்த எலிகளை விலக்கிவிட்டு நகர்ந்திருப்பேனோ என்று அடிக்கடி நினைப்பேன்.

எந்த வகை என்பதும் சின்ன விஷயம் இல்லை. ஒரே ஈற்றில் அதிகக் குட்டிகள் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட சிடி-1 சுண்டெலியும் சி57பிஎல்/6 சுண்டெலியும் ஈஸ்ட்ரடயோல் என்ற முக்கிய ஈஸ்ட்ரோஜனுக்கு எவ்வளவு மசிகின்றன என்பதில் 16 மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருந்ததாக 1999-இல் ஒரு ஆய்வு காட்டியது. எளிதில் அசையாத வகையை வைத்துக்கொண்டு ஒரு ரசாயனம் பாதுகாப்பானது என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

கிட்டைப் பற்றிக் கொஞ்சம். ஹார்மோனை அளக்கும் எலைசா பிளேட்டில் 96 குழி. நான் முதலில் இடப்பக்கம் முழுக்கக் கட்டுப்பாட்டுக் குழு, வலப்பக்கம் சிகிச்சைக் குழு என்று ஊற்றினேன், அதே பழைய வியாதி. ஓரக் குழிகள் நடுக் குழிகளைவிட வேகமாகச் சூடாகும், காயும். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் நடுவில் பைப்பெட் பிடித்த நேரமே சில நிமிடம். குழுக்களைக் கலந்து ஊற்றுங்கள், ஒவ்வொரு மாதிரியும் இரண்டு குழியில், ஒரே எலியின் முன்-பின் மாதிரிகள் ஒரே பிளேட்டில், எல்லாப் பிளேட்டிலும் ஒரே பொதுவான பிளாஸ்மாவிலிருந்து இரண்டு குழி. புதிய கிட் என்றால் உங்கள் எலியின் பிளாஸ்மாவை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு நீர்த்துப் பாருங்கள், அந்தக் கோடு, தெரிந்த அளவுகளை வைத்து வரையும் கிட்டின் திட்டக் கோட்டுக்கு இணையாகப் போகவில்லை என்றால் கிட் வேறு எதையோ அளக்கிறது. ரத்தச் சிவப்பணு உடைந்து இளஞ்சிவப்பாக இருக்கும் பிளாஸ்மாவைப் பற்றி எழுதி வையுங்கள்.

சுண்டெலியின் ஈஸ்ட்ரடயோல் தனி வேதனை. ஒரு மில்லிலிட்டருக்குச் சில பிகோகிராம், மனித ரத்தத்துக்கு என்று செய்த பல கிட்டுகளின் தரைமட்டமே அங்கேதான். மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கிடைத்தால் அதற்குப் போகலாம். கிடைக்காவிட்டால் கருப்பையை எடை போடுங்கள். கிண்டல் இல்லை. 1923-இல் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் சூலகத் திரவத்தில் ஹார்மோன் இருப்பதைக் கண்டுபிடித்தபோது அவர்களிடம் எந்தக் கிட்டும் இல்லை, சூலகம் நீக்கிய எலிகளில் அந்தச் சருகுச் செல்கள் திரும்ப வருகின்றனவா என்றுதான் பார்த்தார்கள். சூலகம் நீக்கிய எலியின் கருப்பை நூல் மாதிரி மெலிந்துவிடும், ஈஸ்ட்ரோஜன் பட்டால் பருக்கும். கிட் ஒன்று சொல்ல, கருப்பை வேறு சொன்னால் நான் கருப்பையைத்தான் நம்புவேன்.

எண்ணிக்கை விஷயத்திலும் ஒரு பிடி பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரே தாயின் 10 குட்டிகளைப் பத்து தனி எலிகள் என்று கணக்குப் போடாதீர்கள். தாய்க்கு மருந்து கொடுத்த சோதனையில் ஒரு ஈற்று என்பது ஒரே ஒரு எண். அதற்குள்ளும் நுணுக்கம் உண்டு, கருப்பையில் இரண்டு ஆண் கருக்களுக்கு நடுவில் வளர்ந்த பெண் சுண்டெலி, இரண்டு பெண்களுக்கு நடுவில் வளர்ந்ததைவிட அதிகம் டெஸ்டோஸ்டிரோனுக்கு உள்ளாகும், வளர்ந்த பிறகு நடத்தையே மாறுகிறது என்று ஃப்ரெடெரிக் வாம் சால் காட்டினார்.

இவ்வளவு கோளாறு இருக்கிறதே, எலியை வைத்து எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நானும் அந்த இரண்டு நாளில் கேட்டுக்கொண்டேன். எலிக்கு மாதவிடாய் இல்லை, வயதான எலியின் சுழற்சி நிற்பதும் பெண்களின் மாதவிடாய் நிற்பதும் ஒரே வழியில் நடப்பதில்லை. 2017-இல் முள்சுண்டெலி என்ற வகைக்கு மாதவிடாய் உண்டு என்று வந்த கட்டுரை செய்தியானதே அதனால்தான். ஆனாலும் டக்ளஸ் கோல்மன் செய்ததை நினைத்தால் வாய் அடைத்துவிடும். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-இல் தானாகத் தோன்றிய குண்டுச் சுண்டெலி ஒன்று, பின்னால் 1966-இல் அறிவிக்கப்பட்ட நீரிழிவுச் சுண்டெலி ஒன்று. ஒன்றின் ரத்தம் இன்னொன்றுக்குப் போகும்படி இணைத்துத் தைத்தார். நீரிழிவுச் சுண்டெலியோடு இணைந்த சாதாரணச் சுண்டெலி சாப்பிடாமல் பட்டினியில் செத்தது, சாதாரணச் சுண்டெலியோடு இணைந்த குண்டுச் சுண்டெலி சாப்பாட்டைக் குறைத்தது. குண்டுச் சுண்டெலியிடம் பசியை அடக்கும் ஹார்மோன் இல்லை, நீரிழிவுச் சுண்டெலியிடம் ஹார்மோன் இருக்கிறது, அதைக் கேட்கும் காது இல்லை என்று அவர் சொன்னார். எந்த மூலக்கூறையும் கையில் பிடிக்காமலே. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு அந்த ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது, ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். கேள்வி கூர்மையாக இருந்தால் எலி பதில் சொல்கிறது.

என் பழைய சோதனையை மறுபடி செய்தேன். குலுக்கல், பழக்கல், 3 நிமிடம், கறுப்புத் தாள், எல்லாம். சும்மா இருந்த எலிகளின் அளவு தரையோடு ஒட்டியிருந்தது, முதல் தடவை அவ்வளவு கீழே நான் பார்த்ததே இல்லை. அடைபட்ட குழுவில் காலை அளவு கொஞ்சம் மட்டும் மேலே, அட்ரினல் சுரப்பி கொஞ்சம் எடை கூடி, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுரப்பி சுருங்கி. 1936-இல் ஹான்ஸ் செல்யே எலிகளில் பார்த்த மாற்றங்களில் இந்த இரண்டு உறுப்புகளும் உண்டு. பிரமாதமான வித்தியாசமெல்லாம் இல்லை. ஆனால் இந்த முறை அந்த வித்தியாசத்தைப் பற்றி யார் கேட்டாலும் பதில் இருந்தது.

7-ஆம் கூண்டைத் தவிர. அதில் இந்த முறை இருந்த இரண்டு எலிகளும் கட்டுப்பாட்டுக் குழுதான், இரண்டும் உயரத்தில் நின்றன. நொடிக் கணக்கு சரி, கடிகாரம் சரி, எடுத்தது நானேதான். வேறு எலிகளை அதே இடத்தில் வைத்தோம், அவையும் ஏறின. எலிக்கு 80 கிலோஹெர்ட்ஸ் வரை காது கேட்கும், நமக்கு 20. வௌவால் சத்தம் கேட்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கி அலமாரி முழுக்கக் காட்டிக்கொண்டே போனோம். அந்த மூலைக்கு வந்ததும் கருவி சீறியது. சுவருக்கு அந்தப் பக்கம் குளிரூட்டி, அதன் ஏதோ ஒரு பாகம் நம் காதுக்கு எட்டாத சுருதியில் இரவு பகலாகக் கத்திக்கொண்டிருந்தது. குளிரூட்டியை நகர்த்த அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரை அந்த மூலையில் ஒரு காலிக் கூண்டை வைத்திருக்கிறோம், யாரும் தெரியாமல் எலி வைத்துவிடக் கூடாது என்று.